தெரியும், ஆனால் உறுத்தவில்லை: சயான் கோலிவாடாவில் ஒரு சீட்டுக் கணக்கு

பின்னணி

மும்பையில் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். தமிழ்க் குடும்பம் வந்தால் என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். கீழே உள்ளது அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பத் தலைவருக்கு வயது 57. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். பதினெட்டு வயதில் மும்பைக்கு வந்தவர். வடாலாவில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதினார். சயான் கோலிவாடாவை ஒட்டிய சாலில், அதாவது பொது நடையை ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும் கட்டடத்தில், ஒற்றை அறை வீடு. மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறார். மகனுக்கு பிவண்டியில் கூரியர் கிடங்கு வேலை, மகளை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சாலில் சின்னப் பிள்ளை முதல் கிழவி வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

இருபது வருடத்துக்கு மேலாகச் சீட்டு பிடித்தவர். இங்கே மராத்திக்காரர்கள் பிஷி என்பார்களே, அதுதான். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். பெயரெழுதிய துண்டுகளைச் சொம்பில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவருக்கு அந்த மாதத்து ஒரு லட்சம். 1982-ம் வருடச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. இந்த மாதிரி சீட்டில் பத்திரம், ஜாமீன் எல்லாமே ஆளின் முகம்தான். 2020 ஊரடங்கில் பாதிப் பேர் பணம் கட்ட முடியாமல் நின்றபோது, தன் சேமிப்பைப் போட்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தவர் இவர். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும்.

வீட்டில் கண்டது

மனைவி முதலில் சொன்னது பணத்தைப் பற்றி அல்ல, பேடாவைப் பற்றி. இனிப்பே தொடாதவர், இரண்டு வருடமாக மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிறாராம். மகள் உண்டானதைப் போனில் சொன்னபோது "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். குழந்தை பிறந்தபின் ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. மாவு அரைக்கும்போது கிரைண்டரில் விரல் நசுங்கி மனைவி அலறியபோது, அவர் எட்டிப் பார்த்து, "மாவுல ரத்தம் விழுந்திராம" என்றார்.

மனைவி என்னிடம் வருவதற்கு முந்தைய ஆடியில் அவருடைய தம்பி மாரடைப்பில் இறந்தார். பிணம் நடுவீட்டில் கிடக்க, பெண்கள் அழுதுகொண்டிருக்க, இவர் சமையல்காரரைத் தேடிப் போய், "சாப்பாடு எப்ப?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சால் முழுக்க இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஐப்பசியில் லாரி ஆபீஸில், யாருக்கோ போகவேண்டிய மிட்டாய்ப் பார்சலைப் பிரித்துத் தின்றார். முதலாளி கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். அதைக் குறை சொல்வதற்கில்லை. பேச்சு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல், வேலையும் போய் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தேழு வயதுக்காரரைப் பார்த்தால் முதலில் அதுதான் தோன்றும்.

தையில் பதின்மூன்றாவது மாதச் சீட்டில் பெயர் வந்தவருக்கு ஒரு லட்சத்துக்குப் பதில் 15,000 கொடுத்தார். மாசியில் ஒன்றுமே கொடுக்கவில்லை. மொத்தம் 1,85,000 துண்டு விழுந்தது. பங்குனியில் மனைவி என் மேசைக்கு வந்தார்.

நான் அன்றைக்குக் கேட்டவை: குடி உண்டா, சூதாட்டம் உண்டா, வேறு பெண் தொடர்பு உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. ஆறு வாரம் கழித்து அவரையும் கூட்டி வரச் சொன்னேன். எழுந்து வாசல்வரை போன அம்மா திரும்பி, "அவிய இப்பிடி ஆளே இல்ல மேடம். யாரோ அவியள மாதிரி வேசம் போட்டு வீட்டுக்குள்ள வந்து இருக்க மாதிரி இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் தேதியை மாற்றி அதே வாரத்தில் வரச் சொன்னேன்.

பரிசோதனை

மருத்துவ உளவியலாளர் நாற்பது நிமிடம் பேசினார். மொழிபெயர்க்க நானும் கூட இருந்தேன். தேதி, கிழமை, இடம் எல்லாம் சரி. நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 27. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், கணக்குப்பிள்ளை அல்லவா, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு நடத்தை பற்றிய கேள்விகள். வழியில் பர்ஸ் கிடந்தால்? "போலீஸ்ல குடுக்கணும்." அடுத்தவர் பணத்தை எடுப்பது? "தப்பு. பெரிய தப்பு மேடம்." இதைச் சொல்லும்போதே அவர் கை மேசையைத் தாண்டி வந்து, என் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தது.

"அது யாருடையது?"

"உங்களுது."

"எடுக்கலாமா?"

"கேக்காம எடுக்கக் கூடாது" என்றார், மென்றுகொண்டே. திருட்டு முழியோ சிரிப்போ சவாலோ அந்த முகத்தில் இல்லை. நான்தான் ஏதோ தப்புச் செய்தவள்போல் பார்வையைத் தாழ்த்தினேன்.

முகப் படங்களைக் காட்டி என்ன உணர்ச்சி என்று கேட்டபோது சிரிப்பை மட்டும் சரியாகச் சொன்னார். அழும் பெண்ணின் படத்துக்கு, "கண்ணு எரியுது போல" என்றார். உளவியலாளர் கடைசியாக, ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்கும் பாலத்துப் புதிரை லோக்கல் ரயிலுக்கு மாற்றிக் கேட்டார்: ரயில் வருகிறது, தண்டவாளத்தில் ஐந்து பேர், மேம்பாலத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கும் பருமனான ஆளைத் தள்ளிவிட்டால் ரயில் நிற்கும், ஐவரும் பிழைப்பார்கள். சாதாரணமாக இதைக் கேட்டவர்கள் நெளிவார்கள், "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்பார்கள். இவர் உடனே, "தள்ளிரலாம். அஞ்சு பெருசா ஒண்ணு பெருசா, கணக்குதான?" என்றார்.

இந்தப் பதிலை மட்டும் வைத்து நோய் சொல்ல முடியாது. நல்ல மனநிலையில் இருப்பவர்களிலும் தள்ளலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப்பகுதி இருபக்கமும் சேதமான ஆறு பேரை வைத்து 2007-ல் வந்த ஆய்வில், அவர்கள் இந்த மாதிரிப் புதிர்களுக்கு மற்றவர்களைவிட மிக அதிகமாக இப்படித்தான் பதில் சொன்னார்கள். அறிவு கணக்குப் போடுகிறது. கையைப் பின்னுக்கு இழுக்கும் கூச்சம் அங்கே இல்லை.

தைராய்டு, பி12, சிபிலிஸ் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. எம்ஆர்ஐ படத்தில் மூளையின் முன்பகுதியும், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பொட்டுப் பகுதியின் முனையும் சுருங்கியிருந்தன, வலப்பக்கம் அதிகம். நரம்பியல் மருத்துவர் ஃப்ரான்டோ டெம்போரல் டிமென்ஷியா என்றார், அதாவது மூளையின் இந்த இரண்டு பகுதிகளும் தேய்ந்துகொண்டே போகும் நோய். அதிலும் நடத்தையை முதலில் தாக்கும் வகை. 2011-ல் வகுத்த அளவுகோலில் ஆறு அறிகுறிகள்: கட்டுப்பாடு இழப்பு, நாட்டமின்மை, பரிவு இழப்பு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, இனிப்பு மோகம் போன்ற உணவு மாற்றம், நினைவு ஓரளவு நன்றாயிருக்கத் திட்டமிடல் மட்டும் கெடுவது. மூன்று இருந்தாலே சந்தேகிக்கலாம். இவருக்கு ஐந்து இருந்தன.

கணக்கு நோட்டு

சித்திரையில் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கடியில் 23 டார்ச் லைட்டுகள், பாதி அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். பரணில் சிவப்புத் துணி அட்டை போட்ட சீட்டு நோட்டு இருந்தது. மகன் அதைத் தொடவே பயந்திருந்தான். அப்பாவின் களவு வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்று.

வந்துதான் இருந்தது, அவருடைய கையெழுத்திலேயே. இடப்பக்கம் இருபது பேரின் வரவு, தேதியோடு. வலப்பக்கம்: "எனக்கு எடுத்தது 4,000." "பேடா அரைக் கிலோ." "டார்ச் 6." "லாட்டரி ஆபீஸ் போன் 12,000." வாட்ஸ்அப்பில் 25 லட்சம் பரிசு விழுந்திருக்கிறது என்று செய்தி அனுப்பும் கும்பலுக்கு ஒன்பது தடவையாக 1,10,000 போயிருந்தது. மற்ற செலவுகள் 75,000. கூட்டல் ஒரு ரூபாய் பிசகவில்லை.

சேதமான மூளைக்காரர்கள் செய்யும் குற்றங்களில் இது அடிக்கடி பார்க்கும் ஒன்று: ஒளிக்கமாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு நினைவுக் கோளாறு மையத்தின் 2,397 நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்து 2015-ல் வந்த ஆய்வில், நடத்தை வகை ஃப்ரான்டோ டெம்போரல் டிமென்ஷியா உள்ளவர்களில் 37 சதவீதம் பேர் ஏதாவது ஒரு சட்ட மீறலில் சிக்கியிருந்தார்கள். கடையில் எடுப்பது, சிக்னலை மதிக்காமல் ஓட்டுவது, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது இப்படி.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, அவர் குற்றவாளியா நோயாளியா என்று தீர்மானிப்பதற்கு முன்பே பணம் அவர் கையில் படாமல் செய்வது. எம்ஆர்ஐ தேதி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் இன்னொரு லாட்டரிக்காரன் போன் செய்துவிடுவான். மகன் அன்றே ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்தான். வங்கிக் கணக்கும் மாறியது. அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

இரண்டாவது, சீட்டுக்காரர்களிடம் மூன்று வாரம் தவணை கேட்டோம். போலீஸுக்குப் போவதாக இருந்தார்கள். போயிருந்தால் பதிவில்லாச் சீட்டு என்று அவர்களுக்கும் தொல்லைதான். ஆனால் எனக்கிருந்த கவலை வேறு. சட்டம் இந்த மாதிரி ஆளிடம் கேட்கும் கேள்வி அவருக்குப் பொருந்தாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ம் பிரிவும், 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 22-ம் பிரிவும் கேட்பது, தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதை. இவர் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, "தப்புதான் சார், பெரிய தப்பு" என்று சொல்லியிருப்பார்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. தப்பு என்று தெரிவது வேறு, உறுத்துவது வேறு. கண்ணில் விழுந்த மணல் மாதிரி, யோசித்து வருவதல்ல உறுத்தல், உடம்பில் நடப்பது. நெற்றிப் பகுதியின் அடிப்புறமும், இன்சுலா என்னும் உள்மடிப்பும், பொட்டு முனையும் சேர்ந்துதான் அடுத்தவர் முகத்தைப் பார்த்து நம் வயிற்றைப் பிசைய வைக்கின்றன. அங்கே வான் எகானமோ நியூரான் என்ற நீண்ட செல்கள் இருக்கின்றன. மனிதக் குரங்கு, யானை, திமிங்கலம் ஆகியவற்றிலும் காணப்படுபவை. இந்த நோயில் அவை முன்கூட்டியே, குறிவைத்ததுபோல் அழிகின்றன என்று 2006-ல் காட்டினார்கள். அறத்தின் செல் என்று அதற்குப் பட்டம் சூட்டிவிடக் கூடாது, வேறு சில விலங்குகளிலும் இருக்கிறது. ஆனாலும் கூட்டு வாழ்வுக்கான இயல்புகள் நன்றாக அமைந்த எந்த விலங்கும் அறிவு வளர வளர அற உணர்வை எட்டும் என்று 1871-ல் டார்வின் ஊகித்தது வெறும் தத்துவம் இல்லை என்பதை அந்தப் பிஸ்கட் பொட்டலம் எனக்குக் காட்டியது. அறிவு மிஞ்சியிருக்கிறது, அடியிலிருந்த இயல்பு கழன்றுவிட்டது.

மூன்றாவது முடிவு, சீட்டுக்காரர்களிடம் நோயின் பெயரைச் சொல்வது. மனைவியும் மகனும் சம்மதித்தார்கள். அவரிடம் கேட்டேன், "சொல்லுங்க" என்றார், பஸ் நம்பர் கேட்டதுபோல். அந்தச் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டம்

வைகாசியில் ஒரு ஞாயிறு மாலை, சாலின் மாடி நடையில் பாய் விரித்துப் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். அதிகம் கத்தியது ஒரு இளைஞர். நான்காவது மாதமே சீட்டு எடுத்தவர், ஒரு பைசா நட்டமில்லை. "என் கைக்காசு போனாலும் போவுது, வக்கீல் செலவு நான் தாறேன், இந்த ஆளை விடக்கூடாது." முழுத் தொகையும் இழந்தவர் தெருவில் இட்லி விற்கும் ஒரு பெண், புது வீட்டு டெபாசிட்டுக்காக மாசிச் சீட்டை நம்பியிருந்தவர். அவர்தான் முதலில், "அண்ணாச்சிக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்டார்.

அந்த இளைஞரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். தன் காசைச் செலவழித்தாவது ஏமாற்றியவனைத் தண்டிக்கத் துடிப்பதை 2002-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பணம் வைத்து ஆடும் விளையாட்டில் அளந்தார்கள். தண்டிக்க வழியிருந்தபோது கூட்டுப் பணம் தேறியது, வழியை எடுத்ததும் ஆளாளுக்குக் கையை இறுக்கிக்கொண்டார்கள். 2004-ல் மூளைப் படமெடுத்தபோது, தண்டிக்கும் முடிவில் பரிசு கிடைக்கும்போது இயங்கும் பகுதியே இயங்கியது. பதிவில்லாத சீட்டு இத்தனை வருடம் ஓடியதே இந்த மாதிரி நாலு இளைஞர்களை நினைத்து எல்லாரும் கொஞ்சம் பயந்ததால்தான். அந்தக் கோபத்துக்கு எதிராளியின் மூளையைத் திறந்து பார்க்கும் வசதி இல்லை, அவ்வளவே.

மகன் எம்ஆர்ஐ படத்தைத் தூக்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் காட்டினான். சிலர் அமைதியானார்கள். ஒரு பெரியவர் மட்டும், "இந்தப் படத்துல எனக்கு என்ன வெளங்குது? நாளைக்குத் திருடுத ஒவ்வொருத்தனும் ஒரு படத்தைத் தூக்கிட்டு வருவான்" என்றார். நியாயமான கேள்வி. சுருங்கிய மூளை உள்ள எல்லாரும் திருடுவதில்லை. திருடும் எல்லாருக்கும் மூளை சுருங்கவில்லை. படம் தனியாக எதையும் நிரூபிக்காது என்று ஒத்துக்கொண்டேன். பிறகு நோட்டைக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வலப்பக்கத்தை வரி வரியாகப் படித்தார். நோட்டை மூடி, "களவாணி கணக்கு எழுத மாட்டான்" என்றார். கூட்டம் அங்கே திரும்பியது. மருத்துவமனையின் படத்தைவிட அந்த நோட்டு வலுவான சான்று என்று நானும் நினைக்கிறேன். அதில் அவருடைய முப்பது வருடப் பழக்கமும் இரண்டு வருட மாற்றமும் ஒரே பக்கத்தில் இருந்தன.

மனைவி இரண்டு வளையலை விற்று 60,000 உடனே இட்லிக்காரப் பெண்ணுக்குக் கொடுப்பது, மீதி 1,25,000-ஐ மாதம் 5,000 வீதம் 25 மாதத்தில் அடைப்பது, எஞ்சிய ஆறு மாதச் சீட்டை வேறு இருவர் சேர்ந்து நடத்துவது என்று முடிவானது. இளைஞரும் இன்னொருவரும் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போனார்கள், புகார் கொடுக்கவில்லை.

பிறகு

இந்த நோயைத் திருப்பும் மருந்து கிடையாது. அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் உதவாது, சிலருக்கு நடத்தையை மோசமாக்கும். செர்ட்ரலின் கொடுத்ததில் டார்ச் வாங்கும் வேகமும் இனிப்பு மோகமும் ஓரளவு தணிந்தன. பரிவு திரும்பவில்லை, திரும்பும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை.

உதவியது தினசரி ஒழுங்கு. காலை ஐந்து மணிக்கு மாவைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவது அவர் வேலை, எடை துல்லியம். 1848-ல் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்த அமெரிக்க ரயில்பாதை மேஸ்திரி ஃபினியாஸ் கேஜின் கதையைப் பாடநூல்கள் குணம் கெட்டதோடு நிறுத்திவிடும். அவர் பின்னால் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே வழி, ஒரே வேலை. காயம் வேறு, தேய்ந்துகொண்டே போகும் நோய் வேறு என்றாலும், குடும்பத்துக்கு அந்தப் பின்பாதியைத்தான் சொன்னேன்.

சுற்றியுள்ள நான்கு கடைக்காரர்களிடம் மகன் பேசி வைத்திருக்கிறான். ஐந்தாவது கடை விரட்டிவிடுகிறது. அவர் இப்போதும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்: "பேடா 2. 20 ரூபாய். கொடுக்கல." சனிக்கிழமை மகன் அதைப் பார்த்துக் கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருகிறான்.

பதினான்கு மாதம் கழித்து மனைவி சொன்னது: "களவு இல்ல, நோய்னு தெரிஞ்சது நெஞ்சுக்கு ஆறுதல்தான் மேடம். ஆனா முன்ன கோவப்பட ஒரு ஆளு இருந்தாவ. இப்ப யாரு மேல கோவப்பட?" அவருக்கென்று மாதமொருமுறை தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நோயின் பெயரையும் படத்தையும் பதினேழு பேர் முன்னால் வைத்தது தப்பு. ஒரே வாரத்தில் சாலின் பிள்ளைகள் அவரை "மூளையில்லாத் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு வலிக்கவில்லை, மகனுக்கு வலித்தது. உறுத்தல் போன ஒருவர் "சொல்லுங்க" என்பதில் தன் மானத்தைப் பற்றிய நினைப்பும் இல்லை. அந்த நினைப்பை அவருக்காக நான் பட்டிருக்க வேண்டும். பணம் இழந்த இருவரிடமும் அந்தப் பெரியவரிடமும் சொல்லி, நோட்டைக் காட்டியிருந்தால் போதும்.

முதல் நாள் கேள்விகளையும் மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆள் திடீரென்று ஒழுக்கம் தவறினால், குடி, சூது, பெண் என்று தொடங்குவதில்லை. இனிப்பு அதிகமா, ஒரே பொருளை வாங்கிக் குவிக்கிறாரா, ஒளிக்கிறாரா ஒளிக்காமல் செய்கிறாரா என்று கேட்கிறேன். "நெருங்கிய சாவில் அழுதாரா?" என்பதையும் பட்டியலில் சேர்த்து, அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டி மறுத்தார்.

"அழுதாவளான்னு கேக்காதீங்க மேடம். எங்க பக்கம் ஆம்பளைய அழ மாட்டாவ. சாப்பாடு எப்பன்னு கேட்டாவளான்னு கேளுங்க."

அப்படியே மாற்றி எழுதிக்கொண்டேன்.